மரத்தில் ஒன்பது, அலுமினியத்தில் மூன்று

1970ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் இறுதி ஆட்டம். வழக்கமான 9 இன்னிங்ஸில் முடிவு கிடைக்கவில்லை. 15ஆவது இன்னிங்ஸ் வரை இழுத்தது. கடைசியில் ஸ்கோர் 2-1. 1998ஆம் ஆண்டு அதே போட்டி, அதே ஓமஹா நகரத்து மைதானம், இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் 21-14. அதுவும் 9 இன்னிங்ஸில். இரண்டு முறையும் ஜெயித்தது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்தான். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் பந்தின் எடை மாறவில்லை, பேஸ்களுக்கு இடையிலான 90 அடியும் மாறவில்லை. மட்டை மாறிவிட்டது.

மட்டைக்குப் போகும் முன் அந்த அணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் பயிற்சியாளர் ராட் டிடோ. 1935இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இரண்டே இரண்டு ஆட்டம் ஆடியவர். பிழைப்புக்கு லாரி நிறுவனம் நடத்தினார். அதில் நன்றாகவே சம்பாதித்தார். அதனால் கல்லூரியில் அவர் வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு 1 டாலர். 1942 முதல் 1986 வரை அந்தப் பதவியில் இருந்தார். வீரர்களை ‘டைகர்’ என்றே கூப்பிடுவார்.

அணியின் முதல் பட்டம் 1948இல். அன்று தோற்ற யேல் பல்கலைக்கழக அணியின் கேப்டன் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ், பிற்காலத்து அமெரிக்க ஜனாதிபதி. பிறகு 1958, 1961, 1963, 1968. அதன்பின் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து. வேறெந்த அணியும் தொடர்ந்து மூன்று கூட வென்றதில்லை.

இந்த ஐந்தில் 1973ஐப் பற்றி இன்றும் பேசுவார்கள். அரையிறுதியில் எதிரணி மினசோட்டா. அவர்களுக்குப் பந்து வீசியவர் டேவ் வின்ஃபீல்ட், பின்னாளில் மேஜர் லீக் என்ற தொழில்முறை பேஸ்பாலில் பேட்டிங்குக்குப் பெயர் வாங்கியவர். அன்று 15 பேரை ஸ்டிரைக் அவுட் செய்துவிட்டார். கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது மினசோட்டா 7, தென் கலிஃபோர்னியா 0. பேஸ்பாலில் மூன்று பேர் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது. அந்த மூன்றாவது அவுட் விழுவதற்குள் டிடோவின் பையன்கள் எட்டு ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்தார்கள். ஒரே அடியில் வந்த ரன்கள் அல்ல; ஒவ்வொருவராக பேஸுக்குப் போய்ச் சேர்ந்து, எதிரணி தடுமாறிய இடத்திலெல்லாம் ஓடி எடுத்தவை. அதற்கு முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தை 1-0 என்று வென்றிருந்தார்கள். மர மட்டைக் காலத்து ஆட்டம் அப்படித்தான்: ரன் கிடைப்பது அரிது, ஒரு தவறின் விலை அதிகம்.

1974இல் கல்லூரிப் போட்டிகளில் அலுமினிய மட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். காரணம் வெறும் செலவுக் கணக்கு. மர மட்டை உடைந்துகொண்டே இருக்கும், உலோகம் பல காலம் உழைக்கும். மிச்சமான காசோடு வேறு விளைவுகளும் வந்து சேர்ந்தன.

பந்தும் மட்டையும் தொட்டிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்தக் கணத்தில் மர மட்டை அதிகம் அமுங்காது, நசுங்குவது பந்துதான். கார்க், கம்பளி நூல், தோல் என்று அடுக்கிச் செய்த அந்தப் பந்து நசுங்கி மீளும்போது, உள் உராய்வில் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. அலுமினிய மட்டையோ உள்ளே வெறும் குழாய். பந்து மோதியதும் அதன் மெல்லிய சுவர் அமுங்கி, உடனே திருப்பித் தள்ளும். உலோகம் அமுங்கி மீள்வதில் இழப்பு மிகக் குறைவு. பந்தும் அந்த அளவுக்குக் குறைவாகவே நசுங்கும். கட்டாந்தரையில் குதிப்பதற்கும் கயிற்றுக் கட்டிலில் குதிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆய்வாளர்கள் இதை டிராம்பொலின் விளைவு என்கிறார்கள்.

இன்னொன்று, எடை எங்கே இருக்கிறது என்பது. மர மட்டையில் எடை தடித்த முனைப்பக்கம் குவிந்திருக்கும். குழாய் மட்டையில் அதில் ஒரு பங்கு கைப்பக்கம் நகர்ந்துவிடும். மொத்த எடை ஒன்றாக இருந்தாலும் சுழற்றுவது எளிது. பந்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுச் சுழற்றலாம். பந்து வீசுபவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. உடம்பை ஒட்டி உள்ளே வீசினால் மர மட்டை கைப்பிடி அருகே உடையும். அலுமினியம் உடையாது, தப்பாகப் பட்ட பந்தும் எங்காவது போய் விழுந்து ரன்னாகும்.

(கிரிக்கெட்டிலும் ஒருவர் இதை முயன்றார். 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார். பந்து கெடுகிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி முறையிட்டார். பிறகு மட்டை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் மேஜர் லீக்கும் மரத்தை விடவில்லை.)

ஆண்டுகள் போகப் போகத் தயாரிப்பாளர்கள் மட்டையின் சுவரை மெல்லிதாக்கினார்கள், எடையைக் குறைத்தார்கள். 1998 போட்டியில் மட்டும் 62 ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிப் பறந்த அடிகள். 21-14 என்பதைப் பார்த்து, இது பேஸ்பாலா அமெரிக்கக் கால்பந்தா என்று கேலி பேசினார்கள். கேலிக்குப் பின்னால் அச்சமும் இருந்தது. பந்து வீசுபவர் சுமார் 60 அடி தூரத்தில் நிற்கிறார். திரும்பி வரும் பந்திலிருந்து விலக நேரம் வேண்டுமே! மட்டை எவ்வளவு இலகுவாக இருக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. 2011இல் இன்னும் கறாரான ஒன்று: பிபிகோர் என்ற எண். மோதலுக்கு முன் பந்தும் மட்டையும் நெருங்கும் வேகத்தையும், மோதிய பின் பிரியும் வேகத்தையும் ஒப்பிடுவது அது. மர மட்டைக்கு அது 0.50 அளவில் இருக்கும். உலோக மட்டையும் அதைத் தாண்டக் கூடாது என்றார்கள்.

உடனே பலன் தெரிந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அடிக்கும் ஹோம் ரன்களின் சராசரி 0.94இலிருந்து ஒரே ஆண்டில் 0.52க்கு இறங்கியது. 2013 ஓமஹா போட்டி முழுவதிலும் மூன்றே ஹோம் ரன், 2014இலும் அதே மூன்று. இது ரொம்பவும் வறட்சி என்று தோன்றியதும் பந்தில் கை வைத்தார்கள். 2015 முதல் தையல் தாழ்ந்த பந்து. சோதனையில் பழைய பந்து 367 அடி போன இடத்தில் இது 387 அடி போனது. அப்போதும் மட்டையின் வரம்பைத் தளர்த்தவில்லை. அது சரியான முடிவு என்பது என் எண்ணம்.

தென் கலிஃபோர்னியாவின் 12 பட்டங்களில் ஒன்பது மர மட்டையில் வந்தவை. அலுமினியத்தில் 1974, 1978, 1998 என்று மூன்றுதான். 1984இல் மார்க் மெக்குவையர் அந்த அணிக்காக ஒரே பருவத்தில் 32 ஹோம் ரன் அடித்தார், பந்து வீச ராண்டி ஜான்சன் இருந்தார், பட்டம் வரவில்லை. ஒரே ரன்னைக் காத்து ஜெயிக்கத் தெரிந்த அணிக்கு, ரன் மலிந்த காலத்தில் அந்தத் திறமையின் மதிப்பு குறைந்துபோனது என்றே நான் நினைக்கிறேன். பட்டியலில் அடுத்து நிற்பது லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம், 2025 வரை எட்டுப் பட்டங்கள். அந்த எட்டும் 1991 முதல், உலோக மட்டைக் காலத்தில் வென்றவை.