எக்ஸ்ரேயில் தெரிந்த புள்ளி: ஆறு விண்வெளி வீரர்களின் தலையெழுத்து மாறிய கதை

வேலைக்குச் சேருமுன் டாக்டரிடம் "பிட்" சர்டிபிகேட் வாங்கியவர்கள் நம்மில் பலர். எக்ஸ்ரேயில் கோளாறு என்றால் வேலை போய்விடுமே என்று நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்ட ஓர் எக்ஸ்ரேதான் ஆறு பேரின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது.

1971-ம் ஆண்டு ஜூன் மாதம். உலகின் முதல் விண்வெளி நிலையமான "சல்யூத்-1"க்குச் செல்ல, சோவியத் வீரர்கள் லியோனோவ், குபாசோவ், கொலோதின் ஆகியோர் தயாராக இருந்தனர். புறப்பட சில நாட்களே இருந்தபோது, குபாசோவின் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. காசநோயோ என்று சந்தேகம். மூவரையுமே நிறுத்திவிட்டார்கள்.

அதே பயிற்சி பெற்றுக் காத்திருந்த தோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயேவ் ஆகிய மூவரும் ஜூன் 6-ந் தேதி "சோயுஸ்-11" கலத்தில் புறப்பட்டனர்.

23 நாட்கள்

நிலையத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தனர். பத்சாயேவ் தமது 38-வது பிறந்த நாளை அங்கேயே கொண்டாடினார். 23 நாட்கள் விண்வெளியில் இருந்து, அதுவரை யாரும் செய்யாத சாதனை படைத்தனர்.

ஜூன் 30-ந் தேதி திரும்பினர். பாரசூட் விரிந்தது. குறித்தபடியே கஜகஸ்தானில் கலம் இறங்கியது. மீட்புக் குழுவினர் ஓடிச்சென்று கலத்தைத் தட்டினர். பதில் இல்லை! கதவைத் திறந்தால், மூவரும் இருக்கையிலேயே பிணமாக இருந்தனர்.

காரணம் என்ன?

தரையை நெருங்கும்போது திறக்க வேண்டிய காற்று வால்வு, கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில், சுமார் 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துவிட்டது. உள்ளே இருந்த காற்று வெளியேறியது. வால்வைக் கையால் மூட ஒரு நிமிடம் போல் ஆகும். அவர்களுக்கு நினைவு தப்பச் சில வினாடிகளே போதுமாயிருந்தது.

விண்வெளி உடை அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஆனால், உடையோடு மூவர் அமர அந்தக் கலத்தில் இடம் இல்லை.

அதன்பின் ஒரு இருக்கை குறைக்கப்பட்டது. இருவர் மட்டும், உடை அணிந்து சென்றனர். கலத்தை மாற்றி அமைத்து, 1980-ல்தான் மீண்டும் மூவர் சென்றனர். 1984-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி நமது ராகேஷ் சர்மா மூவரில் ஒருவராகப் புறப்பட்டதும் அந்த உடையோடுதான்.

காசநோய் இல்லை

குபாசோவுக்கு வந்தது காசநோய் அல்ல, ஒவ்வாமை என்று பின்னர் தெரிந்தது. அவரும் லியோனோவும் 1975-ல் விண்வெளி சென்று திரும்பினர். கொலோதினுக்கு மட்டும் கடைசிவரை வாய்ப்பே வரவில்லை.

ரெயில்வே விதிப் புத்தகத்தில் பல விதிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கும். விண்வெளி உடை விதிக்குப் பின்னால் இருப்பது இந்த மூவரின் உயிர்!