சுழலும் இடத்தில் நீரைத் தடுத்தல்

ஜெயங்கொண்டத்திற்கு அருகில் கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்த முதலாம் இராசேந்திர சோழன், கங்கை வெற்றியின் நினைவாகச் சோழகங்கம் என்னும் பேரேரியை உருவாக்கினான். இன்று அது பொன்னேரி என வழங்குகிறது. தமிழகத்து ஏரிகளில் தூம்பின் துளையை அடைப்பான் கொண்டு மூடுவர். அசையாது அமர்ந்திருக்கும் அவ்வடைப்பானை, மேலிருந்து அழுத்தும் நீரே மேலும் இறுக்கும்.

அசையாத துளையை அடைப்பது எளிது. சுழலும் பொருளைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பது எப்படி? வயல்களில் நீரிறைக்கும் பம்பு எழுப்பும் வினா இதுவே. மோட்டாரின் சுழல்தண்டு, பம்பின் உறையிலுள்ள துளை வழியே உட்சென்று இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. துளை தண்டைவிடச் சற்றுப் பெரிதாக இராவிடில் தண்டு சுழலாது. பெரிதாக இருப்பதால் நீர் கசியும்.

முற்காலத்தில் கிரீஸ் தோய்த்த கயிற்றைத் தண்டைச் சுற்றித் திணித்தனர். மிகுதியாக இறுக்கினால் தண்டு தேயும். தளர்த்தினால் நீர் பெருகும். உராய்வுச் சூடு தணியச் சில துளிகள் சொட்டவும் வேண்டும். நொடிக்கு ஒரு துளி சிறிதெனத் தோன்றலாம். 20 துளிகளை ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் வீணாகும். நீருக்குப் பதிலாக அமிலமோ பெட்ரோலோ சொட்டினால், அது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே ‘மெக்கானிக்கல் சீல்’. இதில் இரண்டு வளையங்கள் உள்ளன. ஒன்று தண்டோடு சுழலும். மற்றொன்று உறையில் நிலைத்திருக்கும். ஒன்றன் முகத்தை மற்றொன்றோடு சுருள்வில் அழுத்துகிறது. தூம்பின் அடைப்பானைப் போலவே, உள்ளிருக்கும் நீரின் அழுத்தமும் இங்குத் துணை நிற்கிறது. எஞ்சிய இடைவெளிகளை ரப்பர் வளையங்கள் மூடுகின்றன. பெரும்பாலும் ஒரு முகம் கார்பனாலும், மற்றது பீங்கான் அல்லது சிலிக்கன் கார்பைடாலும் ஆனது. இரண்டும் மிக நுண்ணிய சமதளமாக மெருகேற்றப்பட்டவை.

அம்முகங்களுக்கிடையே தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய நீர்ப்படலம் தங்குகிறது. அதுவே மசகாகி உராய்வைக் குறைக்கிறது. ஆகவே, நீரைத் தடுக்கும் கருவிக்கும் சிறிது நீர் தேவை. நீரின்றிப் பம்பை ஓட்டினால் முகங்கள் சூடேறித் தேயும், வெடிக்கவும் கூடும். மணல் கலந்த நீரும் அவற்றைக் கீறிவிடும்.

சீல் பழுதுற்றால், கசியும் நீர் தண்டின் வழியே மோட்டாரின் பேரிங்கை அடைந்து துருவேற்றும். பயிர் வாடும் வேளையில் மோட்டார் நின்றுபோனால் உழவரின் உழைப்பு வீணாகும். பம்பில் நீர் நிரப்பிய பின்னரே அதனை இயக்குவதும், கிணறு வற்றியதும் நிறுத்துவதும் இச்சிறு வளையங்களைக் காக்கும். அவற்றின்வழி விளைச்சலையும் காக்கும்.