நூற்றுக்கு அறுபது: தேறியதா, காவியமா?

2016 செப்டம்பரில் டொரன்டோ திரைப்பட விழாவில் ‘தி ப்ராமிஸ்’ என்ற படம் மூன்றே முறை திரையிடப்பட்டது. ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் மீது நடந்த இனப்படுகொலையைப் பின்னணியாகக் கொண்ட கதை. தியேட்டருக்கு வர இன்னும் பல மாதங்கள் இருந்தன. ஆனால் அக்டோபர் முடிவதற்குள் ஐஎம்டிபி தளத்தில் 86,000-க்கும் மேற்பட்டோர் அந்தப் படத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டார்கள். சுமார் 55,000 பேர் கொடுத்தது பத்துக்கு 1. சுமார் 30,000 பேர் கொடுத்தது பத்துக்கு 10. இடைப்பட்ட எண்களைத் தொட்டவர்கள் மிகச் சொற்பம். மூன்று காட்சிகளின் இருக்கைகளைக் கூட்டிப் பார்த்தாலும் சில ஆயிரத்தைத் தாண்டியிருக்காது.

கள்ள ஓட்டு என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் படத்துக்குப் போடும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ‘தி ப்ராமிஸ்’ விஷயத்தில் அந்தக் கேள்வி, ‘அங்கே நடந்தது இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்கிறாயா, இல்லையா?’ என்பது. இயக்கம், நடிப்பு, இசை எதுவும் அங்கே பேச்சிலேயே இல்லை. நம்மூரில் வெள்ளிக்கிழமைதோறும் வெடிக்கும் ரேட்டிங் சண்டைகளும் பெரும்பாலும் இப்படித்தான். ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, எண்களை மட்டும் மோதவிடுகிறார்கள்.

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தை எடுத்துக்கொள்வோம். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய தளம். விமர்சகர்களின் கட்டுரைகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. பிடித்தது எத்தனை சதவீதம் என்பதுதான் அது பெரிதாகக் காட்டும் எண். 60-ஐத் தொட்டால் சிவப்புத் தக்காளி, கீழே போனால் பச்சைச் சிதறல். இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு விமர்சகர்களும் ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்று பத்துக்கு 6 கொடுத்த படம் 100 சதவீதம் வாங்கிவிடும். எழுபது பேர் தலையில் தூக்கிவைத்து 10 கொடுத்து, முப்பது பேர் எரிச்சலோடு 3 கொடுத்த படம் 70 சதவீதத்தில் நிற்கும். சராசரியோ முதல் படத்துக்கு 6, இரண்டாவதற்கு 7.9. யாரையும் தொந்தரவு செய்யாத படத்துக்கு இந்த முறை சாதகம். துணிந்து ஏதாவது செய்து பார்த்த படத்துக்குப் பாதகம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த 60 என்ற எண்ணே வேறு பொருள் தந்த காலம் உண்டு. ஆனந்த விகடனின் விமர்சனக் குழு நூற்றுக்குப் போட்ட மதிப்பெண்களில் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5-தான் உச்சம் என்று இன்றைக்கும் சொல்லப்படுகிறது. 40 என்றால் நல்ல படம், 50 என்றால் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் என்று அந்தக் கஞ்சத்தனத்துக்குப் பழகிய வாசகர் தானே புரிந்துகொண்டார். அங்கே 60 காவியம்; தக்காளித் தளத்தில் 60 தட்டுத் தடுமாறித் தேறியது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

ஊர் இரண்டுபட்டால்

ஐஎம்டிபி-யின் கதை இன்னும் சுவாரசியம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்த கோல் நீதம் என்ற சினிமாப் பித்தர் 1990-இல் தொடங்கிய பட்டியல் அது. 1998-இல் அமேசான் வாங்கியது. கணக்கு வைத்திருக்கும் யாரும் 1 முதல் 10 வரை போடலாம். ஆனால் நாம் பார்க்கும் எண் வெறும் கூட்டல்-வகுத்தல் சராசரி அன்று. எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது; எடை போடும் முறையைத் தளம் முழுதாகச் சொல்வதும் இல்லை, சொன்னால் ஏமாற்ற வழி கிடைத்துவிடும் என்பதால். அதன் புகழ்பெற்ற ‘டாப் 250’ பட்டியலுக்கு மட்டும் ஒரு சூத்திரத்தை வெளியிட்டிருந்தது. குறைந்தது 25,000 ஓட்டு வேண்டும். ஓட்டு குறைவாக உள்ள படத்தை எல்லாப் படங்களின் பொதுச் சராசரியை நோக்கி அந்தச் சூத்திரம் இழுக்கும். பொதுச் சராசரி 7 என்று வைத்துக்கொண்டால், 25,000 பேர் சேர்ந்து 9 கொடுத்த படம் 8-க்கு இறங்கும். அதே 9-ஐப் பத்து லட்சம் பேர் கொடுத்திருந்தால் 8.95-இல் நிற்கும். முதல் வார ஆவேசத்துக்குப் போட்ட கடிவாளம் இது.

கடிவாளத்தையும் மீறிக் குதிரை ஓடியது 2008 ஜூலையில். பட்டியலின் முதலிடத்தில் ‘தி காட்ஃபாதர்’ இருந்தது. ‘தி டார்க் நைட்’ வெளியானதும் பேட்மேன் ரசிகர்கள் தங்கள் படத்துக்கு 10-ஐ அள்ளிக் கொடுத்தார்கள். சிலர் கையோடு காட்ஃபாதருக்கு 1-ஐயும் போட்டார்கள். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? பதிலுக்குப் பதில் நடந்தது. தூசி அடங்கியபோது முதலிடத்தில் இருந்தது ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். 1994-இல் தியேட்டர்களில் போட்ட பணத்தைக்கூட எடுக்காத அந்தப் படம்தான் அதன் பிறகு அங்கே சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ 9.6 மதிப்பெண்ணோடு ஷாஷாங்கையே முந்திவிட்டது என்று செய்திகள் வந்தது நினைவிருக்கலாம். பிறகு அது 9-க்குக் கீழே வந்தது. இதனால் படத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அந்தப் படம் சொன்ன ராசாக்கண்ணுவின் கதைக்கு ஆதரவாக நிற்க விரும்பியவர்களின் கூட்டக் குரல் அந்த 9.6, சினிமாவாக மட்டும் பார்த்தவர்கள் பிறகு மெல்ல வந்து சேர்ந்தார்கள்.

முன்னால் இருப்பவரின் ஓட்டு பின்னால் வருபவரைத் தொற்றுவதும் உண்டு. 2013-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஒரு பரிசோதனையில், செய்தித் தளம் ஒன்றின் கருத்துகள் சிலவற்றுக்கு ஆய்வாளர்கள் தாங்களே ஒரு ‘லைக்’ போட்டு வைத்தார்கள். கடைசியில் அவற்றின் மதிப்பு சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. படங்களை வைத்துச் செய்த ஆய்வு இல்லைதான். ஆனாலும் ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்று காலைக் காட்சியில் ஒருவர் சொன்ன பிறகு, மாலைக் காட்சியில் எத்தனை பேருக்கு அது சொந்த அனுபவமாகவே ஆகிவிடுகிறது!

நாம் கொடுக்கும் மதிப்பெண் நம்மைப் பற்றியே முழு உண்மையைச் சொல்வதில்லை. 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறியது. மக்கள் கனமான ஆவணப்படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் போட்ட லேசான படங்களையே அதிகம் பார்த்தார்கள் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

முதல் மூன்று நாள்

சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானதை அடுத்து, தியேட்டர் வளாகத்தில் மைக்கை நீட்டி ‘பப்ளிக் ரிவ்யூ’ எடுக்க யூடியூப் சேனல்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்கக் கோரிய வழக்கில் இடைக்காலத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில் மறுத்துவிட்டது. கேரளத்தில், உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், படம் வெளியாகி 48 மணி நேரம் விமர்சகர்கள் பொறுக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

தயாரிப்பாளர்களின் பயம் பொய்யில்லை. முதல் மூன்று நாள் வசூலை நம்பித்தான் இன்றைய பெரிய படங்களின் கணக்கே நிற்கிறது. தனிநபர் தாக்குதலும், காசுக்கு எழுதும் விமர்சனமும் கண்டிக்க வேண்டியவைதான். ஆனால் டிக்கெட் எடுத்தவனின் வாயை மூன்று நாள் மூடச் சொல்வது, முதல் நாளே ‘மாபெரும் வெற்றி’ போஸ்டர் ஒட்டும் தொழிலுக்கு அழகில்லை. முதல் காட்சி முடிந்து வருபவர் பெரும்பாலும் ரசிகர் அல்லது எதிர் ரசிகர் என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால் போதும்.

அடுத்த முறை ஐஎம்டிபி-யில் ஒரு படத்துக்கு 7.4 என்று பார்த்தால், அந்த எண்ணைத் தொட்டு உள்ளே போங்கள். 1 முதல் 10 வரை எந்த எண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்ற பட்டைகள் தெரியும். 1-லும் 10-லும் மட்டும் கோபுரம் எழும்பியிருந்தால் அங்கே பேச்சு சினிமாவைப் பற்றியதாக இருக்காது. உங்கள் ரசனையோடு ஒத்துப்போகும் இரண்டு மூன்று விமர்சகர்களை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுங்கள்; எப்போதும் ஒத்துப்போகாத ஒருவரும் அதே அளவு உதவுவார். நீங்களே மதிப்பெண் போடும்போது, எதற்காக அந்த எண் என்று ஒரு வரியாவது சேர்த்து எழுதுங்கள்.