சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி

திருவாரூர் முத்துசாமி ஐயர் 1832-இல் தஞ்சாவூர் மாவட்டத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய்க்கு வேலை பார்த்தார். அவரது கூர்மையைக் கவனித்த ஒரு தாசில்தார் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அங்கே 1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வென்றார்.

பிறகு ஆசிரியர், தரங்கம்பாடி மாவட்ட முன்சீப், டெபுடி கலெக்டர், மங்களூரில் சார்பு நீதிபதி, சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட் எனப் படிப்படியாக உயர்ந்தார். பணியில் இருந்தபடியே சட்டப் பட்டமும் பெற்றார்.

சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. கல்கத்தாவில் சம்புநாத் பண்டிட் 1863-இலேயே நீதிபதியானார். சென்னையிலோ பதினைந்து ஆண்டுகள் வரை ஆங்கிலேயர் மட்டுமே அந்த ஆசனத்தில் அமர்ந்தனர். முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதும் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதைக் கடுமையாகத் தாக்கின. பதில் சொல்ல இந்தியர் கையில் பத்திரிகை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' வார இதழைத் தொடங்கினர். முதல் இதழ் அச்சானது 80 படிகள்.

மலபாரில் தாய்வழியில் சொத்துரிமை செல்லும் மருமக்கள்தாயக் குடும்பங்களின் 'சம்பந்தம்' என்னும் உறவைச் சட்டம் திருமணமாக ஏற்கவில்லை. அதை ஏற்கலாமா என ஆராய 1891-இல் அமைந்த ஆணையத்துக்கு முத்துசாமி ஐயரே தலைவர். 1896-இல் வந்த மலபார் திருமணச் சட்டம், விரும்புவோர் அந்த உறவைப் பதிவு செய்துகொள்ள வழி தந்தது. பதிவு செய்தவர்கள் மிகச் சிலரே.

1893-இல் முத்துசாமி ஐயர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். 1895 ஜனவரியில் காலமானார். உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சலவைக்கல் சிலை உண்டு.

அதே ஆண்டு மதுரையில் வக்கீலாகப் பெயர் பெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர் நீதிபதியானார். அவரும் தலைமை நீதிபதிப் பொறுப்பைத் தற்காலிகமாகவே வகித்தார். அந்தப் பதவியில் இந்தியர் ஒருவர், பி.வி. ராஜமன்னார், நிரந்தரமாக அமர்ந்தது 1948-இல்தான்.