மைசூரை விட்டுப் போன பாதிரியாரின் கேள்வி

மைசூருக்குப் போகும் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பேருந்துகள் பிலோமினா பேராலயத்தைத் தவறவிடுவதில்லை. 175 அடி இரட்டைக் கோபுரம், நிலவறையில் புனிதையின் சுரூபம், 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் நாட்டிய அடிக்கல் என்று வழிகாட்டிகள் ஒப்பிப்பதெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் கோபுரங்கள் எழுவதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே இந்தச் சீமையை விட்டு மனம் கசந்து கப்பலேறிய ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். உண்மையான விசுவாசம் எது, வெளிவேஷம் எது என்று அவரைப் போல ஈவிரக்கமில்லாமல் கேட்டவர்கள் குறைவு.

ழான் அந்துவான் துபுவா 1792-இல் இந்தியாவுக்கு வந்தவர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்ட மைசூர்ச் சீமைக்கு வந்தார். இந்த ஊர்க்காரரைப் போலவே உடுத்தினார், புலால் உண்பதை விட்டார், ஊர்ப் பேச்சைக் கற்றார். ஹாசன் பக்கம் சத்தள்ளியில் ஏழைக் கிறிஸ்தவர்களுக்காக ஓர் உழவுக் குடியிருப்பை உருவாக்கினார்.

அவர் செய்ததில் என்னை அதிகம் தொட்டது அம்மை குத்திய வேலை. பெரியம்மைக்கு ஜென்னர் கண்ட தடுப்பு முறை 1802-இல்தான் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்த வேண்டும். சங்கிலி அறுந்தால் மருந்தும் போயிற்று. மக்கள் பயந்தார்கள். அம்மை என்பது அம்மனின் வருகை என்று நம்பிய வீடுகளில் அந்நியர் ஒருவர் ஊசியோடு நுழைவதென்றால் சும்மாவா? துபுவா அந்த வேலையை இந்தச் சீமையில் பரப்பினார். குத்திக்கொண்ட குழந்தை ஞானஸ்நானம் பெற்றதா என்று நோய் கேட்கவில்லை. அவரும் கேட்டிருக்க முடியாது.

இவ்வளவும் செய்த மனிதர் 1823-இல் ஊர் திரும்பினார். அதே ஆண்டு வெளியான அவருடைய கடிதங்கள் இங்கிலாந்தில் பெரிய சலசலப்பை உண்டாக்கின. இருபத்தைந்து ஆண்டு உழைப்பில், உள்ளூர்க் குரு ஒருவரின் துணையோடு, தான் மனம் மாற்றியவர்கள் இருநூறு முந்நூறு பேர்தான் என்று எழுதினார். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டவர்கள், பிச்சை எடுத்தவர்கள், போக்கிடமற்றவர்கள். கல்யாண சம்பந்தத்துக்காகவும் பிழைப்புக்காகவும் வந்தவர்களே தவிர, பலன் கருதாமல் உள்ளம் உணர்ந்து வந்தவர் ஒருவர்கூடத் தன் நினைவில் இல்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

அவருக்கு மறுப்புகளும் வந்தன. பாளையங்கோட்டையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹஃப் 1824-இல் ஒரு நூலே எழுதி எதிர்வாதம் செய்தார்.

துபுவாவின் கேள்வி சரியானது. ஆனால் கேட்ட இடம் தவறு என்பது என் உறுதியான எண்ணம். பசித்தவன் கஞ்சிக்கு வந்தால் அதற்கு வேஷம் என்று பெயரில்லை. அவமானப்பட்டவன் தலைநிமிர ஓர் இடம் தேடி வந்ததைக் கபடமாக எண்ணியது துபுவாவின் குறை. கலிலேயாவில் இயேசுவைத் தேடி வந்த கூட்டமும் அப்பத்துக்காகவும் நோய் தீரவும்தான் வந்தது. அவர் அவர்களை விரட்டவில்லை. அவர் கடிந்துகொண்டது தெருமுனையில் நின்று ஜெபித்தவர்களை. பிறரின் உள்நோக்கத்தை அளந்த துபுவாவின் புகழே இன்று சற்று மங்கித்தான் இருக்கிறது. இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவருடைய பெருநூலில் பெரும்பகுதி கேர்து என்ற முந்தைய இயேசு சபைக் குருவின் கையெழுத்துப் படியிலிருந்து எடுத்தது என்று ஆய்வாளர்கள் பின்னாளில் காட்டினார்கள். ஆனால் அவர் அம்மை குத்திக் காத்த குழந்தைகளின் உயிரை யாரும் அப்படித் திருப்பி வாங்க முடியாது.

அதே கேள்வியை இன்று வசதியாக இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். எனக்குள்ள கவலை புதுநன்மையைப் பற்றியது. மைசூர், பெங்களூரு, திருச்சி, தூத்துக்குடி என்று எங்கே பார்த்தாலும் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் ஒரு குட்டிக் கல்யாணமாகிவிட்டது. மண்டபம், பிளெக்ஸ், மூன்று அடுக்குக் கேக், பீடத்தின் அருகே பிள்ளையை மறைத்துக்கொண்டு நிற்கும் புகைப்படக்காரர். நற்கருணையை வாங்க வாய் திறக்கும் நொடியில் பிள்ளையின் கண் கேமராவைத் தேடுகிறது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்!

கொண்டாட்டமும் ஆண்டவருக்குச் செய்யும் மரியாதைதான், அழகான வழிபாடு மனத்தை உயர்த்தும் என்பார்கள். இருக்கட்டும். மைசூர்ப் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளின் கீழே நிற்கும்போது அதை நானும் உணர்கிறேன். ஆனால் அதே நகரில் வெஸ்லியன் மிஷனரிகள் 1906-இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திறந்த ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையும் இருக்கிறது. ஊரார் வாயில் அது மிஷன் ஆஸ்பத்திரி. நள்ளிரவில் பிரசவ வலியோடு வந்தவளை உள்ளே எடுத்துக்கொண்ட தாதியைப் படம் எடுக்க அன்று யாரும் நின்றிருக்கவில்லை. பிள்ளைகளை நாம் கோபுரத்தடிக்கு மட்டும் கூட்டிப்போகிறோம்.

புதுநன்மைக்கு முன்னால் பிள்ளை முதல் பாவசங்கீர்த்தனம் செய்கிறது. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறும் மன்னிப்பு கேட்டால் போதாது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை இதை முழு மனதோடு நம்பி, தோழியிடம் எடுத்த அழிரப்பரைத் தேடிப்பிடித்துத் திருப்பித் தரும். அதே வாரம் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம், விழாச் செலவு இருக்கிறது, சம்பளத்தை அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம் என்று சொன்னால், அடுப்படி வாசலில் நின்று கேட்கும் பிள்ளைக்கு மறைக்கல்வி அன்றோடு முடிந்துவிடும். பிறகு எத்தனை ஜெபமாலை சொன்னாலும் அது இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளப் பழகிவிடும்: கோயிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.

பங்குத்தந்தையர் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பைப் பெற்றோருக்கும் ஒரு ஞாயிறு நடத்தட்டும். உடை என்ன நிறம், படம் எடுப்பவர் எங்கே நிற்கலாம் என்ற பேச்சை அன்று ஒதுக்கிவிடலாம். வேலைக்காரருக்குத் தர வேண்டிய சம்பளம், தம்பிக்குச் சேர வேண்டிய பாகம், வாடகைக்கு இருந்தவரிடம் பிடித்துவைத்த அட்வான்ஸ் இவற்றைத் தீர்த்துவிட்டு, அதன் பிறகு பிள்ளையைப் பீடத்துக்குக் கூட்டிவரச் சொல்லட்டும்.