லயன் வாசலில் கற்கும் இரக்கம்



ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமது உள்ளம் கடினமாக இருப்பதாக முறையிட்டார். அநாதையின் தலையைத் தடவிக் கொடுக்குமாறும், ஏழைக்கு உணவளிக்குமாறும் அண்ணலார் அவருக்கு வழிகாட்டினார்கள். முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ள இச்செய்தியைச் சற்று நிதானித்து நோக்குங்கள். வந்தவர் கேட்டது தம்முடைய நோய்க்கு மருந்து. அந்த மருந்தோ இன்னொருவரின் அருகில் இருந்தது. பணத்தைத் தூரத்திலிருந்தும் அனுப்பலாம். தலையைத் தடவ வேண்டுமானால் அருகே சென்றுதான் ஆகவேண்டும்.

நமது பாடசாலைகளும் அஹதிய்யாக்களும் மாணவரைச் சமூகப் பணிக்கென வெளியே அழைத்துச் செல்வதன் நோக்கமும் இதுவே. முதியோர் இல்லம், வைத்தியசாலை என்பவற்றோடு, மலையகத்தில் வாழும் நமக்கு இன்னோர் இடம் மிக அண்மையில் இருக்கிறது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடைத்தெருவில் நின்று தலையை நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரிவது தேயிலை மலை. மலையிலிருந்து இறங்கிவரும் மக்கள் தலைமுறை தலைமுறையாக 'நானா கடை' என்று உரிமையோடு நம் கடைகளுக்கு வருகிறார்கள். அவர்களுடைய வாசலில் நம் பிள்ளைகள் எத்தனை முறை நின்றிருக்கிறார்கள்?

செல்வதற்கு முன், யாருடைய வீட்டுக்குச் செல்கிறோம் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய ஆட்சிக்காலத் தோட்டத்துரை லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது பாடப் புத்தகத்தில் உள்ளது. அதற்கும் முன்பே, கோப்பித் தோட்டங்களின் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்ப் பகுதிக் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் ஏராளம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பத்து ஆண்டுகளின் பின் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வாக ஒரு சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாமான் வாங்கவரும் முதியவரிடம் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. நாம் அவரிடம் கேட்பது 'எத்தனை கிலோ?' என்பதோடு முடிந்துவிடுகிறது.

கிலோ என்றதும் வேறொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து, பனியிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண், மாலைக்குள் குறிக்கப்பட்ட நிறையை எட்ட வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறினாலும், பெரும்பாலும் 18 கிலோவை ஒட்டியதாக இருந்துவந்துள்ளது. எட்டினால் 'முழுப்பேர்', எட்டாவிட்டால் 'அரைப்பேர்', அதாவது பாதி நாட்கூலி. நாட்சம்பளம் 1000 ரூபாயாக வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இல்தான் நிறைவேறியது. அதன் பின்னரும் உயர்வுக்கான பேச்சுகள் ஓயவில்லை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை. 18 கிலோவில் நான்கு கிலோ தூள் கிடைக்கும். கோப்பைக்கு இரண்டு கிராம் என்றால், ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு இரண்டாயிரம் கோப்பைத் தேநீர். வீட்டில் நோன்பு திறக்கும் நேரத்தில் பிள்ளைகளிடம் இக்கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துக்கு நாங்கள் மாணவர்களுடன் சென்றோம். அரிசி, பருப்பு, சீனி, பால்மா அடங்கிய பொதிகளை எடுத்துக்கொண்டோம். வாகனம் வரத் தாமதமானதால் இரண்டு மணி நேரம் பிந்தியே போய்ச் சேர்ந்தோம். பெண்கள் கோயில் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். பொதிகளைக் கொடுத்தோம், படம் பிடித்தோம். ஓர் அம்மா எங்களைத் தமது லயன் வீட்டுக்கு அழைத்துப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். ஒரு மாணவன் கோப்பையை வாங்கத் தயங்கினான். ஆசிரியர் வாங்கிக் குடித்த பிறகு அவனும் குடித்தான். 'இன்றைக்கு வேலை இல்லையா அம்மா?' என்று அவனே கேட்டான். "இருந்திச்சி தம்பி. நீங்க வாறீங்கன்னு நின்னுட்டோம். இன்னிக்கு அரைப்பேருதான். பரவாயில்ல" என்றார். அவருடைய குரலில் குறை எதுவும் இல்லை. எங்களுக்குத்தான் கோப்பை கையில் கனத்தது.

நாள் குறித்தவர்கள் நாங்கள். அது அவர்களுக்கு வேலைநாளா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொடுத்த தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் பாழாக்கிவிட வேண்டாம் என்று ஸூரத்துல் பகரா எச்சரிப்பதை எத்தனையோ குத்பாக்களில் கேட்டவர்கள்தாம் நாங்கள். நாவால் சொல்லிக்காட்டாமல் படத்தால் சொல்லிக்காட்டலாம் என்பதையும், அறியாமலே நோவினை செய்யலாம் என்பதையும் அன்றுதான் உணர்ந்தோம். அந்தப் படத்தில் நிற்கும் பெண்ணின் மகள், நம் மகள் படிக்கும் அதே வகுப்பில் இருக்கக்கூடும் அல்லவா?

அந்நூர் அத்தியாயத்தில் அல்லாஹ் வீட்டுக்குள் நுழையும் ஒழுங்கைக் கற்றுத்தருகிறான். அனுமதி கேட்க வேண்டும். ஸலாம் சொல்ல வேண்டும். திரும்பிப் போகுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும். மாளிகைக்கு உரிய ஒழுங்கு பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவுக்கும் உரியது. இடம் சிறிதாக இருப்பதால் அது பொது இடமாகிவிடாது. இஸ்தோப்பில் காயும் துணிகளையும் அடுப்படியையும் எட்டிப் பார்க்கும் உரிமையை, கையிலுள்ள பொதி நமக்குத் தரவில்லை.

'அவர்கள் வேறு சமயத்தவர் ஆயிற்றே' என்று சில பெற்றோர் தயங்குவதுண்டு. நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது, அவர்களே நேரில் சென்று அவனது தலைமாட்டில் அமர்ந்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொரு கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள். 'ஆபத்தான சரிவில் ஏன் குடியிருக்கிறார்கள்? வேறிடம் போகக் கூடாதா?' 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அபாயம் பற்றிய எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்குச் சொந்த நிலம் வேண்டுமே! 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயல் நாடெங்கும் அறுநூற்றுக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டபோது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே பெரிதும் துயருற்றன. அவ்வேளையில் இனமத வேறுபாடின்றி உதவிக்கு ஓடியவர்கள் பலர். அது போற்றத்தக்கதே. எனினும் அனர்த்த வாரத்தில் மட்டும் போகிறவனுக்குத் தெரிவது அனர்த்தம் மாத்திரமே. முன்னரே போய்ப் பழகியவனுக்கு, எந்த லயனில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது தெரியும்.

மீண்டும் அதே தோட்டத்துக்குச் சென்றபோது, முதலில் ஆளனுப்பி நாளைக் கேட்டறிந்தோம். ஞாயிறு பிற்பகல் வரச் சொன்னார்கள். பொதிகள் எதனையும் கொண்டு செல்லவில்லை; புகைப்படக் கருவியும் இல்லை. அந்த அம்மாவின் பேரன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். கணிதம் அவனுக்குச் சிரமமாக இருந்தது. எங்கள் மாணவர் இருவர் பழைய வினாத்தாள்களுடன் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் அன்று கோப்பைக்குத் தயங்கியவன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் இஸ்தோப்பில் ஏறாமல் வெளியே நின்று, "அம்மா, வரலாமா?" என்று கேட்டான்.

"கொஞ்சம் இருங்க தம்பி, வீட்டைக் கூட்டிட்டுக் கூப்பிடுறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வினாத்தாள்கள் நனையாதபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இருவரும் தூறலில் நின்றார்கள்.