உஷார்! கிரகணம் கண்ணைச் சுடும்... வலிக்கவே வலிக்காது!

2027 ஆகஸ்ட் 2. முழு சூரிய கிரகணம். ஸ்பெயினின் தென்கோடி, மொராக்கோ, எகிப்தின் லக்சர், சவூதியின் ஜெத்தா, மெக்கா என்று அதன் பாதை போகிறது. லக்சர் பக்கம் 6 நிமிடத்துக்கு மேல் பட்டப்பகலில் இருட்டு! ஜெத்தாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்றே பார்த்துவிடலாம். நமக்கு இங்கே சாயங்காலம் சூரியனின் ஓரம் கடிபட்டதுபோல் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

அந்த 'கொஞ்சம்'தான் எனக்குப் பயமே.

சாயங்கால வெயில்தானே, ஒரு செகண்ட்தானே என்று பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும். நாமும் பார்ப்போம். கண் எரியாது. விழித்திரைக்கு வலி தெரியாது! அடுப்பில் கை பட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அப்படி இழுத்துக்கொள்ள கண்ணின் உள்ளே ஆள் இல்லை. கண்ணில் இருக்கும் லென்ஸ் மொத்த வெளிச்சத்தையும் குவித்து, நாம் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படுகிற அந்த ஒரே புள்ளியில் இறக்கிவிடும்.

2017 ஆகஸ்ட் 21 அன்று நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே முழு கிரகணம்கூட இல்லை. சூரியனில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் மறைந்தது. இருபதுகளில் இருந்த ஒரு பெண், வெறும் கண்ணால் ஆறு ஆறு வினாடியாகச் சில தடவை பார்த்தார். பிறகு கிரகணக் கண்ணாடி போட்டு 15, 20 வினாடி. வீட்டுக்குப் போய்விட்டார். நாலு மணி நேரம் கழித்து எல்லாம் மங்கல், நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. டாக்டர்கள் நுண்ணிய கேமராவால் இடது கண்ணின் விழித்திரையைப் படம் எடுத்தபோது, உள்ளே செல்கள் பிறை வடிவத்தில் கருகியிருந்தன. அவர் பார்த்த சூரியனின் அச்சு அது!

ஆறு வினாடி. வாய்விட்டு எண்ணிப் பாருங்கள், எவ்வளவு குறைச்சல் என்று தெரியும்.

'முக்கால்வாசி மறைஞ்சிடுச்சே, இனி என்ன?' என்று கேட்பவர்களுக்கு: சூரியன் 100-க்கு 99 பங்கு மறைந்தாலும், மிச்சமிருக்கும் ஒரு பங்கு பௌர்ணமி நிலவைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு வெளிச்சம். வெறும் கண்ணால் பார்க்கலாம் என்பது சூரியன் முழுசாக மறைந்த அந்தச் சில நிமிடம் மட்டும்தான். அதுவும் ஜெத்தா, லக்சர் மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு. ஓரத்தில் முதல் கீற்று எட்டிப் பார்ப்பதற்குள் கண்ணாடி மறுபடி முகத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் கழற்றவே கூடாது. 2019 டிசம்பர் 26-இல் கோவை, திண்டுக்கல் பக்கம் தெரிந்ததே நெருப்பு வளையம், அது உச்சத்தில்கூட ஆபத்துதான். 2031 மே 21-இல் மதுரைக்கு வரப்போவதும் அதே வகை.

வீட்டில் என்னவெல்லாம் தேடி எடுப்பார்கள் தெரியுமா? பழைய எக்ஸ்ரே பிலிம். கூலிங் கிளாஸ். கரி பிடித்த கண்ணாடித் துண்டு. தட்டில் மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீர். எல்லாமே வெளிச்சத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும். அந்தத் தைரியத்தில் நாம் கூடுதல் நேரம் பார்ப்போம். பிலிம் வழியாகவும் கரி வழியாகவும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் பாட்டுக்கு உள்ளே போகும். பட்டறையில் இரவல் வாங்கிய வெல்டிங் கண்ணாடியா? 14-ஆம் நம்பர் இருந்தால்தான் கையில் வாங்கவே வேண்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். குவிந்து வரும் சூடு கண்ணாடியின் தாளையே பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போகும்.

சரி, கிரகணக் கண்ணாடியே வாங்கிவிட்டீர்கள். அதில் ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சடித்திருக்கிறதா? போலிக்காரனும் அதை அச்சடிப்பான்! வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள். ட்யூப் லைட், ஜன்னல், எதிரே நிற்கும் ஆள், எதுவுமே தெரியக் கூடாது. தெரிந்தால் குப்பையில் போடுங்கள். கீறலோ ஊசி ஓட்டையோ இருந்தாலும் அப்படியே.

சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் பூந்திக் கரண்டியை எடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியைத் தலைக்கு மேல் பிடித்தால், தரையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிக் கடிபட்ட சூரியன் விழும். வேப்பமர நிழலிலும் இதே வேடிக்கைதான்.

அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் பிள்ளைகளைக் கவனியுங்கள். பார்வையின் நடுவில் பொட்டு. கதவு நிலை, டைல்ஸ் கோடு வளைந்து தெரிவது. எழுத்து விட்டுவிட்டுத் தெரிவது. நிறம் வெளிறுவது. ஒன்று இருந்தாலும் உடனே கண் டாக்டர்! தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். இதற்கென்று உறுதியான மருந்து கிடையாது. சிலருக்குச் சில மாதத்தில் தானாகத் தெளியும், சிலருக்கு அந்தப் பொட்டு போகவே போகாது. திட்டுவார்கள் என்று பயந்து 'நான் மேலே பார்க்கவே இல்லை' என்று பிள்ளை சாதிக்கும். திட்டாமல் கேளுங்கள். எதை வைத்து, எவ்வளவு நேரம் பார்த்தது என்பதை டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.